பிறிஜெற்றின் இறைச்சி உருண்டை

ஞாயிறு பூசையிலிருந்து வந்ததும் செபஸ்தியன் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். மத்தியானம் திரும்பியும் அவர் வெளியே வரவில்லை. சட்டிக்குள் இறைச்சி உருண்டைகள் ஒவ்வொன்றாக வெடித்துத் தேங்காய்ப்பாலோடு கரைந்துகொண்டிருந்தன. உருண்டைக் கறி என்றும் சொல்ல முடியாமல், கொத்துக்கறி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ சேறுபோலக் கொதித்தது. மிஞ்சியிருந்த ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று அகப்பையை மெதுவாக விட்டுத் தூக்கினார். அது அகப்பையிலேயே இரண்டாகப் பிளந்தது.

“சனியன்,” என்று அடுப்பை அணைத்தார்.

முன்னறையில் அவருடைய மனைவி பிறிஜெற் ஜன்னலைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலியில் இருந்தாள். வலது கை மடியில் ஒரு பொதிபோலக் கிடந்தது. பிளந்த உருண்டையில் ஒரு பாதியையும் கொஞ்சம் குழம்பையும் பேக்கரிப் பாணில் ஒரு துண்டையும் ஒரு கோப்பையில் போட்டு அவள் முன்னால் வைத்தார். அவள் இடது கையால் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். பிறகு கோப்பையைத் தள்ளினாள்.

“குடை,” என்றாள்.

“என்ன குறை எண்டு சொல்லு. உப்புக் காணாதோ?”

தலையாட்டினாள், இல்லை என்று.

“உறைப்புக் கூடிப்போச்சோ? புளியோ? பெருஞ்சீரகம் காணாதோ?”

எல்லாவற்றுக்கும் இல்லை. “அது… அது வெளிய… குடை,” என்று சொல்லி, தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் நாற்காலிக் கையில் அடித்தாள்.

போன வருடம் அந்தோனியார் திருநாள் முடிந்த கிழமையில் பிறிஜெற்றுக்குப் பாரிசவாதம் வந்தது. கொட்டாஞ்சேனையில் பாதிப் பெண்பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை வாங்கும்போது போடும் உடுப்பைத் தைத்தவள் அவள். அன்றும் வெள்ளைச் சாட்டின் துணி ஒன்றை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தாள். உயிர் தப்பியது. காலும் ஓரளவு திரும்பி வந்தது. கை வரவில்லை. சொற்களும் வரவில்லை. மற்றவர் சொல்வது அவளுக்கு விளங்கியது. தான் சொல்ல நினைத்தது மட்டும் வாய்க்கு வரும்போது வேறொன்றாக மாறியது. தண்ணீரும் குடை, மருந்தும் குடை, மெல்பேர்னில் இருக்கும் மகன் ஜொனாதனும் குடை. ஏன் குடை என்று டாக்டர்மாருக்கே தெரியவில்லை.

செபஸ்தியனை இதைவிட எரிச்சலூட்டியது செபமாலை நேரம். பொழுதுபட்டதும் அவர் செபமாலையை எடுத்தால், ‘அருள் நிறைந்த மரியே’ என்று பிறிஜெற் ஒரு எழுத்துப் பிசகாமல் தொடங்கி ஆமென் வரைக்கும் சொல்லி முடிப்பாள். முதல் நாள் அதைக் கேட்டு அவர் அழுதார். புதுமை நடந்துவிட்டது என்று மேல்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். திரும்பி வந்து, “பிறிஜெற், தேத்தண்ணி வேணுமோ?” என்று கேட்டார். “குடை,” என்றாள். அதற்குப் பிறகு செபமாலை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மாதாவோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

அவர் துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எது எங்கே இறங்கவேண்டும், எது எப்போது ஏறவேண்டும் என்று கிறேனுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். சொன்னால் நடக்கும், நடக்காவிட்டால் இன்னும் உரக்கச் சொன்னால் நடக்கும் என்பதே வாழ்க்கை முழுவதும் அவர் கண்டது. பிறிஜெற் விஷயத்தில் உரக்கச் சொல்வதால் எதுவும் நடக்கவில்லை.

சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். சோற்றைக் கிளறுவாள், இரண்டு வாய் வைப்பாள், தள்ளுவாள். கன்னம் ஒட்டிப்போனது. விழுங்குவதில் பிரச்சினை இல்லை, மென்மையான சாப்பாடாகக் கொடுங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பிடித்தது என்ன என்பதில் செபஸ்தியனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இறைச்சி உருண்டைக் கறி.

அது அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. செபஸ்தியனின் தாய் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பத்திடம் பழகி, பிறகு அதில் தன் கைப்பக்குவத்தையும் சேர்த்து, மருமகளாக வந்த பிறிஜெற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது. மேசை விளிம்பில் திருகிப் பூட்டுகிற கை மெஷினில் மாட்டிறைச்சியை இரண்டு தரம் அரைக்கவேண்டும். நனைத்துப் பிழிந்த பாண், சின்னதாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், புதினா, பெருஞ்சீரகத் தூள், ஒரு முட்டை, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்து, பிறகு கறிக்குள் விடவேண்டும். பிறிஜெற் அதை வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கதைத்தபடியே செய்வாள். செபஸ்தியன் பேப்பர் பார்த்தபடி சாப்பிடுவார். அவளும் சாப்பிடுவாள். ரசித்துத்தான் சாப்பிடுவாள். அதை அவர் தன் கண்ணால் கண்டிருக்கிறார். “எங்கட பிறிஜெற்றுக்கு உருண்டை எண்டா உயிர்,” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லியும் இருக்கிறார்.

ஆனபடியால் அவரே செய்யத் தொடங்கினார். முதல் தரம் சந்தையில் அரைத்தே வாங்கிவந்தார். அதில் கொழுப்புக் கூடி, பொரிக்கும்போது உருண்டை சுருங்கிக் கல்லுப்போல வந்தது. அடுத்த தரம் தொடை இறைச்சியாகப் பார்த்து வாங்கி, மெஷினைத் தேடி எடுத்துப் பூட்டினார். நரம்பை ஒழுங்காக எடுக்காததால் அது அலகில் சுற்றிக்கொண்டு கைபிடி திரும்பவே மாட்டேன் என்று நின்றது. மேசைதான் திரும்பியது. கழற்றிக் கழுவிப் பூட்டுவதற்குள் விரலை வெட்டிக்கொண்டார். இன்னொரு ஞாயிறு பாண் கூடி உருண்டை களியானது. இன்று உடைந்து கரைந்தது. ஒவ்வொரு தரமும் அவள் ஒரு துண்டு வைத்துப் பார்ப்பாள். குடை. பிறகு கோப்பை தள்ளப்படும்.

ஏதோ ஒன்றை விட்டுவிடுகிறேன், அது அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை என்று அவர் நம்பினார். கறுவாப்பட்டையை எடுத்துக் காட்டினார். ஏலக்காயைக் காட்டினார். ரம்பை இலையைக் காட்டினார். அலுமாரியில் இருந்த அத்தனை போத்தலையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மடியில் வைத்தார். பிறிஜெற் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தக் கிழமை கிளினிக் நாள் வந்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் ஜெஸீமா என்ற இளம் பெண். பிறிஜெற்றுக்கு அவளைப் பிடிக்கும். ஜெஸீமா அவசரப்படுவதில்லை, ஒரு சொல்லுக்காக எவ்வளவு நேரமும் காத்திருப்பாள். செபஸ்தியனுக்கு அந்தக் காத்திருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய தண்டனை. அவர்தான் இடையில் புகுந்து சொல்லைச் சொல்லிவிடுவார். அதற்காக அவளிடம் இரண்டு தரம் பேச்சும் வாங்கியிருக்கிறார்.

“ஆன்ட்டி மெலிஞ்சிருக்காங்களே. சாப்பாடு எப்பிடி, அங்கிள்?”

செபஸ்தியன் எல்லாவற்றையும் கொட்டினார். மெஷின், நரம்பு, பாண், வெட்டுப்பட்ட விரல், குடை. ஜெஸீமா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“ஆன்ட்டிக்கு அது வேணுமா எண்டு கேட்டீங்களா?”

“வேணுமோ எண்டு கேக்க என்ன இருக்கு, பிள்ளை? அவவுக்கு விருப்பமான சாப்பாடே அதுதான்.”

“அது சரி அங்கிள். நீங்க கேட்டீங்களா?”

அவர் வெட்டுப்பட்ட விரலைத் தடவினார்.

“உப்பா புளியா எண்டுதானே கேட்டிருக்கீங்க. என்ன குறை எண்டு கேட்டா, சாப்பாடு வேணும், ருசிதான் சரியில்ல எண்டு நீங்களே முடிவெடுத்த மாதிரி. முதல்ல வேணுமா வேணாமா எண்டு கேளுங்க. ஆன்ட்டிக்கு ஓமும் இல்லையும் சில நேரம் மாறி வரும். அதால வாயால சொல்லச் சொல்லாதீங்க. சாமானை முன்னால வச்சிட்டுக் கையப் பாருங்க.”

பிறிஜெற் ஜெஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செபஸ்தியன், இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பெண்சாதியின் விருப்பம் தெரியுமாம், தனக்குத் தெரியாதாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வந்தார்.

ஆனாலும் அன்று பின்னேரம் செய்து பார்த்தார். மிஞ்சியிருந்த இறைச்சியில் சின்னதாக நாலைந்து உருண்டை பிடித்துப் பொரித்தார். ஒரு கோப்பையில் அது, இன்னொன்றில் பாண், இன்னொன்றில் பருப்பு. மூன்றையும் அவள் முன்னால் வைத்தார்.

“இஞ்ச பார். வேணுமெண்டா கிட்ட இழு. வேண்டாமெண்டா தள்ளு.”

பிறிஜெற் பாணை இழுத்தாள். பருப்பை இழுத்தாள். உருண்டைக் கோப்பையை மெதுவாகத் தள்ளினாள்.

அவர் அதைத் திரும்ப அவளுக்குக் கிட்ட நகர்த்தினார். “வடிவாப் பார். உருண்டை. உன்ர உருண்டை.”

திரும்பவும் தள்ளினாள். அவர் திரும்பவும் நகர்த்தினார். இந்த முறை அவள் கையை வீசினாள். கோப்பை விழுந்து, உருண்டைகள் தையல் மெஷினுக்குக் கீழே ஓடின.

“அப்ப நான் என்ன மாடோ?” என்று செபஸ்தியன் கத்தினார். மேல்வீட்டில் கதிரை இழுபடும் சத்தம் நின்றது. “ஒவ்வொரு ஞாயிறும் கைய வெட்டி, காலச் சுட்டு, இதை ஆருக்குச் செய்யிறன்? எனக்கோ?”

பிறிஜெற் அவரையே பார்த்தாள். “ஓம்,” என்றாள். தெளிவாக.

ஓம் இல்லையாக வரும், இல்லை ஓமாக வரும் என்று ஜெஸீமா சொன்னதை நினைத்து அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் சமாதானம் வரவில்லை. முழங்காலில் நின்று உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்.

ஜொனாதன் வேலை முடிந்து வந்திருந்தான். தாய் சாப்பிடாததை, தள்ளியதை, விழுத்தியதை எல்லாம் தகப்பன் சொல்லக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னான்:

“அம்மா இறைச்சி உருண்டை சாப்பிடமாட்டா தானே, அப்பா.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நான் கண்ணால கண்டிருக்கிறன்.”

“அது அவவின்ர. அவ தனக்கு இறைச்சி போடாம முதலே கொஞ்சம் உருட்டி வச்சிடுவா. பாணும் வெங்காயமும்தான். அதைத்தான் முதல்ல பொரிப்பா. கோப்பையில ஒரு ஓரமாக் கிடக்கும். கொஞ்சம் வெளிறின நிறம். நானும் சின்னனில களவெடுத்துத் தின்னிருக்கிறன்.”

செபஸ்தியனுக்குக் கோப்பையின் ஓரம் ஞாபகத்துக்கு வந்தது. வெளிறிய உருண்டைகளும் வந்தன. எண்ணெய் சூடாகாமல் போட்டது என்று நினைத்து, ஒருநாள் அதற்காக அவளைப் பேசியதும் வந்தது.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சன், அப்பா. ஒரே மேசைதானே.” ஜொனாதன் சிரிக்கப் பார்த்து, தகப்பனின் முகத்தைக் கண்டு நிறுத்தினான். “கலியாணம் முடிச்ச புதுசில அப்பம்மாவுக்குச் சொல்லப் பயமாம். பிறகு அப்பிடியே பழகிட்டுதெண்டு சொன்னா. அந்த அரைக்கிற மணம் அவவுக்கு ஒத்துவராது.”

அழைப்பு முடிந்த பிறகும் செபஸ்தியன் போனைக் கையில் வைத்தபடியே நின்றார். கவலை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் யார் மீது என்று தெரியாத கோபம். வாய் ஓயாமல் கதைத்தவள் அவள். லேஸ் என்ன விலை விற்கிறது, பாதரின் பிரசங்கம் எவ்வளவு நீளம், மேல்வீட்டுப் பெண்ணுக்கு எந்த இடத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள், எல்லாவற்றையும் வாயில் ஊசியோடு சொன்னவள். இதை மட்டும் சொல்லவில்லை. இப்போது கேட்கலாம் என்றால், சொல்ல அவளிடம் சொல் இல்லை. முப்பது வருடமாக யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த கேள்வி, பதில் வராத காலம் பார்த்துத்தான் எழும்பி வந்திருந்தது.

அவள் முன்னால் போய் ஸ்டூலில் இருந்தார்.

“ஏன் சொல்லேல்ல எனக்கு?”

பிறிஜெற்றுக்கு விளங்கியது. கண் விரிந்தது. உதடு அசைந்தது. “நீ… நீங்க… அண்டைக்கு… அது…” கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். அவர் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார். ஜெஸீமா காத்திருப்பதுபோலக் காத்திருக்கப் பார்த்தார். வீதியில் பஸ் ஒன்று கோன் அடித்துக்கொண்டு போனது. “நீங்க… கே…” என்றாள். அங்கேயே நின்றுவிட்டது. ‘கேக்கேல்ல’ என்று சொல்ல வந்தாளா, ‘கேளுங்கோ’ என்று சொல்ல வந்தாளா, வேறேதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. அவர் அதைத் தன் சாரத் தலைப்பால் துடைத்துவிட்டார். கொஞ்சம் பலமாகத்தான் துடைத்தார்.

இரண்டு நாள் அவர் அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பேசாமலிருப்பதும் வீண் என்பது பிறகுதான் உறைத்தது. அவளிடமிருந்து பதில் பேச்சு இல்லாதபோது கோபித்துக்கொண்டிருப்பதை யார் கவனிப்பார்கள்?

ஞாயிறு வந்தது. அவர் பூசைக்குப் போய்வந்து, பிறிஜெற்றை நாற்காலியோடு குசினி வாசலுக்கு இழுத்துவந்தார். அதற்கு மேல் நாற்காலி போகாது. மெஷினை வெளியே எடுக்கவில்லை. பாணை நனைத்துப் பிழிந்தார். வெங்காயம், மிளகாய், புதினா வெட்டிப் போட்டார். முட்டையை எடுத்தார். பிறிஜெற் “ஆ… ஆ…” என்று சத்தமிட்டாள்.

“என்ன? முட்டை வேண்டாமோ? முட்டை இல்லாட்டி எப்பிடி ஒட்டும்?”

அவள் கையை நீட்டினாள். எதைக் காட்டுகிறாள் என்று தெரியவில்லை. உப்புப் போத்தலைக் கொடுத்தார், இல்லை. மிளகுத் தூள், இல்லை. கறிவேப்பிலை, இல்லை. அலுமாரியின் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே மாப் பேணி, சீனிப் பேணி, கடலைமாப் பேணி, தேயிலைப் பேணி. ஒவ்வொன்றாக இறக்கினார். வியர்வை கழுத்தால் வழிந்தது. கடலைமாப் பேணியைத் தொட்டதும் அவள் நாற்காலியில் தட்டினாள்.

“கடலைமாவோ? அதை முதலே…” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார். முதலே சொல்ல அவளால் முடியாது.

முட்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மாவைப் போட்டுப் பிசைந்தார். பாத்திரத்தை அவள் மடியில் வைத்தார். அவள் இடது கையால் ஒரு பிடி எடுத்து, நாற்காலிக் கையில் வைத்து அழுத்தி, உருட்டப் பார்த்தாள். உருண்டை வரவில்லை; ஏதோ கோணலாக வந்தது. அதையே பொரித்தார். அவர் பிடித்த நாலும் அதோடு பொரிந்தன. ஒன்றும் உடையவில்லை. வெளிறிய பொன் நிறத்தில் வந்தன. கறி இல்லாமலே அப்படியே கோப்பையில் வைத்துக் கொடுத்தார்.

பிறிஜெற் சாப்பிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. தன் கோணல் உருண்டையைக் கடைசியாகச் சாப்பிட்டாள். நாடியில் எண்ணெய் ஒட்டியது. அவ்வளவு சாப்பிட்டு அவர் பார்த்து எத்தனையோ மாதம். மனம் நிறையத்தான் செய்தது. மிஞ்சிய ஒன்றைத் தானும் கடித்துப் பார்த்தார். பரவாயில்லை. பெரிய ருசி என்று சொல்ல முடியாது. இறைச்சி உருண்டைக்குக் கிட்டவும் வராது. இதற்காகவா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பின்னேரம் வேறொரு யோசனை வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. இதுதான் என்றால், இன்னும் என்னென்ன? இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். காலையிலும் மாலையிலும் அவர் தவறாமல் போட்டுக் கொடுப்பது. பிறிஜெற் அதைத் தள்ளினாள். வெறும் தேத்தண்ணியைக் கொண்டுவந்தார். இழுத்துக்கொண்டாள். டீவி செய்தியைப் போட்டார். அவள் ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தாள். மின்விசிறியைக் குறைத்தார். இல்லையென்று தலையாட்டினாள், கூட்டினார், அதற்கும் இல்லையென்றே தலையாட்டினாள். பழைய தலையணையா புதுத் தலையணையா என்று இரண்டையும் கொண்டுவந்தார். இரண்டையும் தள்ளிவிட்டு முன்னறைச் சுவரோரம் கிடந்த கட்டிலைக் காட்டினாள்.

“கட்டிலுக்கு என்ன?”

ஜன்னலைக் காட்டினாள்.

“ஜன்னலுக்குக் கிட்டவோ? மழை அடிக்கும், பிறிஜெற்.”

அவள் கை இறங்கவில்லை. செபஸ்தியன் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தார். பழைய முதிரை மரக் கட்டில். நிலத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு சாண் வந்து நின்றது. தையல் மெஷின் வழியில் நின்றது. அதை நகர்த்தினார். திரும்ப இழுத்தார். அவள் “ஓம், ஓம்” என்றாள். இன்னும் இழுத்தார். “ஓம்” என்று சொல்லிக்கொண்டே வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

“இஞ்சயோ? அங்கயோ? எதுவெண்டு ஒண்டைச் சொல்லு.”

மேல்வீட்டிலிருந்து யாரோ படியிறங்கி வந்து, என்ன நடக்கிறது என்று கதவைத் தட்டினார்கள். கட்டில் அறையின் நட்டநடுவில் குறுக்காகக் கிடந்தது. செபஸ்தியன் அதன் விளிம்பில் குந்தி, மூச்சு வாங்கியபடி, பிறிஜெற்றின் கை அடுத்ததாக எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.